ஆட்டுக்குப் பிறகு எனக்கு வந்த பேர்

என் பிரியமுள்ள ரூத் அக்கா,

இந்தக் கடிதத்தை நானே எழுதுகிறேன். யாரும் என் கையைப் பிடிக்கவில்லை. ஒரு வரி எழுதி முடிக்க ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரம் ஆகிறது. ஆகட்டும். எனக்கு வேறு வேலை இல்லை, உனக்கும் இப்போது அவசரம் இருக்காது.

என் எழுத்தைப் பார்த்தால் நீ சிரிப்பாய். நாற்பது வருடம் அம்பூரி மலையில் ரப்பர் வெட்டின கை. மரப்பட்டையில் கத்தி இழுத்த பழக்கத்தில் வரியெல்லாம் இடப்பக்கம் ஏறி வலப்பக்கம் இறங்குகிறது. என் மருமகள் ஸ்டெல்லா பார்த்துவிட்டு, "மாமா, இந்த வரிக்க அடியில ஒரு சிரட்டை வச்சா பால் வடியும்" என்றாள். ஆனாலும் வாசிக்க முடிகிறது என்று அவளே சொன்னாள்.

நீ போன பிறகு என்ன நடந்தது என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நீ உயிரோடு இருந்தவரை எனக்கு வந்த கடிதம், ரேஷன் கடை நோட்டீசு, கரண்டு பில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, சனிக்கிழமை பஸ் ஏறிப் பனச்சமூட்டுக்கு உன் வீட்டுக்கு வருவேன் அல்லவா? நீ வாசித்துச் சொல்வாய், பதிலும் எழுதுவாய். உன்னை அடக்கம் செய்த பிறகும் நான் அந்தக் கவரில் காகிதங்களைச் சேர்த்துக்கொண்டே இருந்தேன். ஒரு சனிக்கிழமை பஸ்ஸும் ஏறிவிட்டேன். பனச்சமூட்டில் இறங்கி, சந்தைக்கு எதிரே கவரைப் பிடித்துக்கொண்டு நின்றபோதுதான் நீ இல்லை என்பது ஓர்மை வந்தது. ஒரு சாயா குடித்துவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பினேன்.

அன்றைக்குச் சாயங்காலம் ஸ்டெல்லாவிடம் கவரைக் கொடுத்தேன். அவள் தையல் மிஷினில் இருந்தாள். கவரை வாங்கவில்லை. துணி வெட்டுகிற பழுப்புக் காகிதத்தை விரித்து, தையல்காரச் சாக்பீசால் பெரிதாக ஒரு 'அ' போட்டாள். "எனக்கு நேரம் இல்ல மாமா. நீங்களே வாசியுங்க" என்றாள். மார்த்தாண்டத்துப் பெண் அல்லவா, இந்த வீட்டில் தமிழ் எழுத்துத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். என் மகன் யோவானும் அவன் மகள் ஜின்சியும் இங்கே கேரளத்தில் படித்ததெல்லாம் மலையாளப் பள்ளிக்கூடம்.

அக்கா, நீ சின்ன வயதில் எனக்குச் சொல்லித்தர எத்தனை தடவை பார்த்தாய். நான் ஓடிப்போய்விடுவேன். எனக்குத்தான் நீ இருந்தாயே, நான் எதற்குப் படிக்க வேண்டும் என்று இருந்துவிட்டேன். எழுபத்தைந்து வயதில் படித்தேன். ஒன்றரை வருடம் ஆனது.

முதன்முதலில் நான் தனியாக வாசித்தது எதை என்று சொல் பார்ப்போம். உன் வேதப்புத்தகத்தின் முன்பக்கத்தைத்தான். உன் பிள்ளைகள் அதை எனக்குத் தந்திருந்தார்கள். அதில் நீ குடும்பத்துப் பேர்களை வரிசையாக எழுதி வைத்திருப்பாய் என்று எனக்குத் தெரியும். என்ன எழுதியிருந்தாய் என்பது தெரியாது. விரலை வைத்து ஒவ்வொரு எழுத்தாக வாசித்தேன். மேலே ஒரு வரி வெறுமையாக இருந்தது. அதற்குக் கீழே யோவான், நம் பூட்டன். அடுத்தது சமாதானம், நம் பாட்டா. அடுத்தது யோவான், நம் அப்பன். அதற்குக் கீழே ரூத், நீ. பிறகு, "சமாதானம் – ஆடு." அதற்கும் கீழேதான், "சமாதானம் – தம்பி."

நான் சிரித்த சிரிப்பில் ஸ்டெல்லா தையலை விட்டுவிட்டு ஓடிவந்தாள். என்ன மாமா, என்ன மாமா என்று கேட்கிறாள். எனக்குச் சொல்ல மூச்சு வரவில்லை.

அந்த ஆட்டுக் கதையை அவளுக்கு விளக்கிச் சொன்னேன். இதை மற்றவர்களும் வாசிப்பார்கள் என்பதால் இங்கேயும் சொல்கிறேன், நீ பொறுத்துக்கொள். நம் வீட்டில் மூத்த ஆண்பிள்ளைக்கு அப்பனின் அப்பன் பேரைத்தான் இடவேண்டும். அதனால் ஒரு தலைமுறை யோவான், அடுத்த தலைமுறை சமாதானம், மறுபடி யோவான் என்று மாறி மாறி வந்தது. அப்பன் தன் மூத்த பிள்ளைக்காகச் சமாதானம் என்ற பேரைத் தயாராக வைத்திருந்தார். நீ பெண்ணாகப் பிறந்தாய். உனக்கு ரூத் என்று இட்டுவிட்டு, அந்தப் பேரை எடுத்து வைத்தார். உனக்கு ஆறு வயதானபோது, "நான்தானே மூத்தவ, எனக்க பேரு எங்கே?" என்று கேட்டாய். "அது ஆம்பிளப் பிள்ளைக்கு உள்ளதாக்கும்" என்றார். நீ நேராகப் போய், வீட்டில் பிறந்திருந்த கிடாய்க்குட்டிக்கு அந்தப் பேரை இட்டுவிட்டாய். சமாதானம், சமாதானம் என்று வீட்டைச் சுற்றின விளை முழுக்கக் கூப்பிட்டுத் திரிந்தாய். அப்பன் கம்பை எடுத்தார், ஆட்டின் பேர் மட்டும் மாறவில்லை. அடுத்த வருடம் நான் பிறந்தேன். ஆடு அந்தப் பேரை எனக்குக் கொடுத்துவிட்டு வெறும் ஆடாகிவிட்டது.

என்னோடு சண்டை வந்தால் நீ வேறு எந்தத் திட்டும் திட்டமாட்டாய். "போலே, ஆட்டுக்க பேர வாங்கினவனே" என்பாய். கல்யாணமாகிப் பேரப்பிள்ளைகள் எடுத்த பிறகும் அதைச் சொன்னாய். நான் சிரித்தேன். நீயும் சிரித்தாய். ஆனால் சிரித்து முடித்த பிறகு நீ முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொள்வாய். அதை நான் அப்போது கவனித்தேனா, இப்போதுதான் எனக்குத் தோன்றுகிறதா?

சரி, காரியத்துக்கு வருகிறேன். அந்த வெறும் வரி என்னைத் தூங்கவிடவில்லை. பூட்டன் யோவானுக்கு மேலே இருந்தவர் யார்? அப்பன் சொல்வாரே, ஆதிச் சமாதானம் என்று ஒரு ஆள் இருந்தார், கோயில் கட்டும்போது உத்தரத்தை ஒற்றையாளாகத் தலையில் சுமந்தார், அதைப் பார்த்து வெள்ளைக்காரப் போதகர் அந்தப் பேரைக் கொடுத்தார் என்று. நீ அதை நம்பவில்லை போலிருக்கிறது. நம்பியிருந்தால் அந்த வரியில் எழுதியிருப்பாய்.

இந்தச் சமயத்தில் ஜின்சி பேறுகாலத்துக்கு நம் வீட்டுக்கு வந்திருந்தாள். யோவானுக்கு அவள் ஒரே பிள்ளை. என் பேரை வாங்க ஒரு பேரன் எனக்குப் பிறக்கவில்லை. பேர் என்னோடு நின்றுபோகும் என்று எனக்குத் தெரியும். ஜின்சிக்குப் பிறப்பது ஆணாக இருந்தால், மகன் வழி இல்லாவிட்டாலும் ஒரு வார்த்தை கேட்டுப் பார்க்கலாம் என்று மனதுக்குள் ஒரு ஆசை வைத்திருந்தேன். பிறந்தது பெண். நல்ல கறுப்பு முடி, உன்னுடைய நெற்றி. ஐரா என்று விளிப்பதாக ஜின்சியும் அவள் மாப்பிள்ளையும் போனிலேயே தீர்மானித்துவிட்டார்கள். அவன் மஸ்கட்டில் இருக்கிறான்.

அப்போது எனக்குத் தோன்றியது இதுதான்: பேரைக் கொடுக்கத்தான் முடியவில்லை, அது எங்கிருந்து வந்தது என்று எழுதியாவது வைத்துவிட்டுப் போகலாம். ஒரு புதன்கிழமை காலையில் கோயிலுக்குப் போனேன். சபைச் செயலாளரிடம் பழைய ஞானஸ்நான ரிஜிஸ்டர் வேண்டும் என்றேன். சின்ன வயதுக்காரர். பீரோவைத் திறந்து நாலு தடிப் புத்தகங்களைத் தூசியோடு மேசையில் வைத்தார்.

"அப்பூப்பா, இது முழுவன் தமிழாணு. இவிடெ ஆர்க்கும் வாயிக்கான் அறியில்ல" என்றார்.

"எனக்கு வாசிக்கத் தெரியும்" என்றேன்.

அக்கா, என் ஆயுசில் முதல் தடவையாக அந்த வார்த்தையை ஒரு வெளி ஆளிடம் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டு, துணியால் துடைத்தும் கொடுத்தார்.

பழைய கையெழுத்து. புள்ளி வைக்கவே இல்லை. ஒரு பக்கத்துக்கு ஒரு காலைநேரம் ஆனது. போனில் படம் எடுத்துக்கொண்டு போங்கள் என்றார் செயலாளர். நான் மாட்டேன் என்றேன். ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்து என் நோட்டில் இறக்கினேன். முதல் நாள் என்னைக் கண்டுபிடித்தேன்: யோவான் மகன் சமாதானம். இரண்டாம் நாள் அப்பனை. அடுத்த வாரம் பாட்டாவை. அதற்கடுத்த வாரம்தான் பூட்டன் யோவான் கிடைத்தார். தகப்பன் பேர் என்ற கட்டத்தில் "மாடன், மரித்தவன்" என்று இருந்தது. தாயின் பேர் என்ற கட்டத்தில், "சமாதானம், விதவை."

எழுதினவர் கட்டம் மாற்றி எழுதிவிட்டார் என்று நினைத்தேன். அந்தக் காலத்து உபதேசியாரும் மனுஷன்தானே, தப்புச் செய்வார். புத்தகத்தை மூடிவிட்டு வீட்டுக்கு வந்தேன். ஸ்டெல்லாவிடம் சொன்னேன், "எழுதின ஆளுக்குத் தூக்கம் போலிருக்கு, அப்பன் பேரைத் தாய்க்க கட்டத்துல போட்டிருக்காரு."

அவள் ஊசியில் நூல் கோத்துக்கொண்டே கேட்டாள், "விதவைன்னும் தூக்கத்துலதான் எழுதினாரோ?"

இப்படி ஒரு கேள்வி கேட்க நீயோ அவளோதான் வேண்டும். நான் அன்று சோறு சரியாகச் சாப்பிடவில்லை. மறுநாள் கோயில் திறக்கும்முன் போய் நின்றேன். அதே வருடத்தில் பெரியவர்கள் ஞானஸ்நானம் பெற்ற பக்கத்தைத் தேடினேன். இருந்தது அக்கா. "சமாதானம். முன்பேர் இசக்கி. ஸ்திரீ. விதவை. தொழில் உப்புச் சுமடு." அதற்கு அடுத்த வரியில், "மேற்படியாளின் மகன் யோவான், குழந்தை."

அந்த இரண்டு வரியையும் என் நோட்டில் இறக்கினேன். உத்தரத்தைச் சுமந்த ஆள் யாரும் இல்லை. தலையில் உப்புக் கூடை சுமந்து ஊர் ஊராக விற்ற ஒரு பெண் இருந்தாள். சுமந்தது மட்டும் நிஜம்.

பிறகு நடந்ததை நானும் ஸ்டெல்லாவும் பேசிப் பேசிச் சேர்த்தோம். இது ரிஜிஸ்டரில் இல்லை, எங்கள் ஊகம்தான். யோவான் வளர்ந்து, அவருக்கு மூத்த ஆண்பிள்ளை பிறக்கிறது. வழக்கப்படி அப்பனின் அப்பன் பேர் இடவேண்டும், அதாவது மாடன். மாடன் பழைய சாமியின் பேர். அந்தப் பேரை அந்தக் காலத்துப் போதகர் தீர்த்தத் தொட்டியில் வைத்து இடமாட்டார். யோவான் என்ன செய்வார்? அப்பனை அவர் பார்த்த ஓர்மைகூட இருந்திருக்காது. உப்புச் சுமந்து வளர்த்தவள் முன்னால் நிற்கிறாள். அவள் பேரைத் தன் மகனுக்கு இட்டார். அதற்குப் பிறகு வந்தவர்கள் வழக்கத்தைப் பார்த்தார்கள், ஆளை மறந்துவிட்டார்கள்.

அது பெண்ணின் பேராக்கும் அக்கா. முதலிலேயே பெண்ணின் பேர். ஆறு வயதில் நீ கேட்டது சரி. அப்பனுக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. உனக்கு மட்டும் எப்படித் தெரிந்தது?

நான் நோட்டைத் தூக்கிக்கொண்டு ஓடாத குறையாக வீட்டுக்கு வந்தேன். ஜின்சி பிள்ளைக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்தாள். நோட்டை நீட்டினேன். பார்த்தாள், திருப்பித் தந்தாள். "பாட்டா, எனக்குத் தமிழ் வாசிக்க அறியாது. நீங்க வாசியுங்க."

நர்சு படித்த பெண் அவள். நான் அவளுக்கு வாசித்துக் காட்டினேன். நீ எனக்கு வாசித்தது போல, ஒவ்வொரு வரி முடிந்ததும் நிறுத்தி, அர்த்தம் சொல்லி, மறுபடி வாசித்தேன். அவள் எண்ணெய்க் கையோடு அசையாமல் கேட்டாள். இசக்கி என்ற இடத்தில், "ஒந்நுகூடி வாயி பாட்டா" என்றாள். இரண்டாம் தடவையும் வாசித்தேன். என் தலை சற்றுப் பெரிதாகிவிட்டது. அந்த வேகத்தில் கேட்டுவிட்டேன்.

"மக்கா, பிள்ளைக்கு அந்தப் பேரை இட்டா என்ன?"

அவள் முகம் மாறியது. "எனக்கு வேண்டாம்னு எடுத்து வச்ச பேரில்லியா பாட்டா அது? நான் பிறந்த அன்னைக்கு ஆஸ்பத்திரியில வந்து, அடுத்தது ஆணாயிருக்கும்னு சொல்லிட்டுப் போனிய. அம்மா சொல்லியிருக்கா. இப்ப எனக்க பிள்ளைக்கு மட்டும் கொள்ளாமா?"

சொன்னேன்தான் அக்கா. அந்த வராந்தாவில் நின்று சொன்னது இப்போதும் எனக்கு ஓர்மை உண்டு. அப்பன் உனக்குச் செய்ததை நான் அவளுக்குச் செய்தேன், அவள் கையில் ஒரு ஆடுகூட இல்லை.

"அப்ப எனக்கு வாசிக்கத் தெரியாதே மக்கா" என்றேன்.

"வாசிக்க அறியாட்டா பிள்ளையப் பாக்கவும் அறியாதோ?"

உள்ளே தையல் மிஷின் நின்றுபோனது. ஸ்டெல்லா கேட்டுக்கொண்டிருந்தாள். "நான் செய்தது தப்பு மக்கா" என்றேன். ஜின்சி பிள்ளையைத் துடைத்து எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்குப் பிறகு நான் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. அவளும் எடுக்கவில்லை. ஒரு காரியம் மட்டும் நடந்தது. தினமும் மதியம் பிள்ளை தூங்கின பிறகு, என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து நோட்டைக் காட்டி, "இது எந்த எழுத்து? இதோ?" என்று கேட்டாள். நான் சொல்லிக்கொடுத்தேன். ஆறு எழுத்துக் கற்றுக்கொண்டாள். ஏன் என்று நான் கேட்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை பிள்ளைக்கு ஞானஸ்நானம். யோவான் புது வேட்டி வாங்கித் தந்திருந்தான், மொடமொடவென்று இருந்தது. நான் முன்வரிசையில் உட்கார்ந்து, ஐரா என்ற பேர் காதில் விழக் காத்திருந்தேன். மனதில் குறை ஒன்றும் இல்லை. நிஜமாகவே இல்லை. அந்த வரி நிரம்பிவிட்டதே, அது போதும் என்று இருந்தேன். போதகர் பிள்ளையைக் கையில் வாங்கி, குட்டியுடெ பேர் என்ன என்று கேட்டார்.

"சமாதானம்" என்றாள் ஜின்சி.

போதகர் பிள்ளையின் பட்டுப் பாவாடையைப் பார்த்தார். "ஆண்குட்டியாணோ?" என்று மெல்லக் கேட்டார்.

"பெண்ணு தன்னெ, அச்சா. ஆத்யத்தெ ஆளும் பெண்ணாயிருந்நு" என்றாள், அந்தப் பேரை முதலில் வைத்திருந்தவளும் பெண்தான் என்று. பிறகு திரும்பி என்னைப் பார்த்துத் தமிழில் சொன்னாள், "ஐரா வீட்டில விளிக்கதுக்கு. இது கோயிலுக்கு."

எனக்குப் பின்னால் இருந்தவர் என் தோளைப் பிடித்தார், நான் விழுந்துவிடுவேன் என்று நினைத்திருப்பார் போல. தண்ணீர் பட்டதும் பிள்ளை கத்தின கத்தலில் சமாதானம் கொஞ்சமும் இல்லை. கோயில் முழுக்கச் சிரித்தது. அது முடிந்ததும் செயலாளர் ரிஜிஸ்டரைக் கொண்டுவந்தார். இப்போது எல்லாம் மலையாளத்தில்தான் எழுதுகிறார்கள், எழுதட்டும். ஜின்சி மலையாளத்தில் கையெழுத்துப் போட்டாள். பேனாவைத் திருப்பிக் கொடுக்காமல், பிள்ளையின் பேருக்குப் பக்கத்தில் இருந்த ஓரத்து இடத்தில், ச, மா, தா, ன, ம் என்று மெதுவாகத் தமிழில் எழுதினாள். அந்த 'மா' என்னுடையதைப் போலவே சரிந்திருந்தது. அவள் கற்ற ஆறில் ஐந்து எழுத்து அதற்குப் போனது. ஆறாவது எதற்கு என்று வீட்டுக்கு வந்து கேட்டேன். "ரூத்துக்க முதல் எழுத்து பாட்டா" என்றாள். அதற்குள் என்னிடம் உன் கதையெல்லாம் கேட்டு வாங்கிவிட்டிருந்தாள்.

நேற்று உன் வேதப்புத்தகத்தை எடுத்தேன். மேலே நீ விட்டிருந்த வரியில் "சமாதானம் (இசக்கி)" என்று எழுதினேன். மை கொஞ்சம் கசிந்தது. கீழே, என் மகன் யோவானுக்கும் ஜின்சிக்கும் அடியில், பிள்ளையின் பேரையும் எழுதினேன். இப்போது அந்தப் பக்கத்தில் ஐந்து சமாதானம் இருக்கிறது: இரண்டு பெண், இரண்டு ஆண், ஒரு ஆடு.

யோவான் பார்த்துவிட்டு, "அப்பா, பிள்ளை வளந்து பாக்கும்போது நாணக்கேடு. அந்த ஆட்டை மட்டும் அழிச்சுடுவோம்" என்றான். அழிக்கிற ரப்பரும் கையில் கொண்டுவந்திருந்தான். நான் புத்தகத்தை மூடி என் தலையணைக்கு அடியில் வைத்துவிட்டேன்.

அக்கா, நீ கேட்ட பேரை உனக்குத் தர என்னால் இனி முடியாது. அதனால் ஒரு வாக்குத் தருகிறேன். என் கண்ணும் கையும் இருக்கும்வரை அந்த ஆட்டை யாரும் அழிக்கவிடமாட்டேன். இந்தப் பிள்ளைக்கு ஆறு வயதாகி, பேர் எங்கிருந்து வந்தது என்று அது கேட்கிற அன்று, அந்தப் பக்கத்தை நானே விரலை வைத்து வாசித்துக் காட்டுவேன். உன் வரியில் கொஞ்சம் அதிக நேரம் நிறுத்துவேன். அதுவரை நான் இருக்க வேண்டும். இருப்பேன் என்றுதான் தோன்றுகிறது, உடம்பு நன்றாகவே இருக்கிறது.

ஆட்டுக்குப் பிறகு பேர் வாங்கின,
உன் தம்பி
சமாதானம்